எழுபத்தோராவது கிலோமீற்றர்

வட்டுக்கோட்டை
07.02.2026

த. கஜானி அவர்களுக்கு,

2026 பெப்ரவரி 7, சனிக்கிழமை, முற்பகல் 10.52. வீதியில் நெல் காய விரித்திருந்த படங்குகள் இருபத்திமூன்று. அவை மறித்த நீளம் 410 மீற்றர். இவற்றை முதலில் எழுதக் காரணம், இன்று நீங்கள் என்னிடம் சொன்னவற்றில் "நாங்கள் றோட்டை மறிக்கேல்லை" என்பதும் ஒன்று. மறித்திருந்தீர்கள். அளந்துவிட்டேன்.

என் பெயர் சிமியோன் கொலின்ஸ். குடிசார் பொறியியலாளன். இம்மாதம் 21ஆம் திகதி சனிக்கிழமை நடக்கவிருக்கும் 'குடாநாட்டுச் சுற்று' சைக்கிளோட்டப் போட்டியின் பாதையை வரைந்தவன் நான். யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் தொடங்கி வட்டுக்கோட்டை, கந்தரோடை, நிலாவரைக் கிணறு, பருத்தித்துறை வெளிச்சவீடு, வல்லிபுரம், கொடிகாமம் என்று சுற்றித் திரும்பவும் கோட்டைக்கே. மொத்தம் 96 கிலோமீற்றர். வழியில் ஐந்து இடங்களில் அந்தந்த ஊர்ச் சாப்பாடு. உங்கள் வயல்வெளி வீதி 71ஆவது கிலோமீற்றரில் வருகிறது. பிரதான வீதியில் பஸ் ஓட்டம் அதிகம் என்பதால் உங்கள் பக்கத்துக் காப்பெற் தார் வீதியைத் தெரிவுசெய்தேன். நவம்பர் முதல் வாரத்தில் வந்து மூன்று தடவை ஓடிப் பார்த்தேன். ஒரு பள்ளம் இல்லை. ஒரு மணி நெல்லும் இல்லை.

இன்று நடந்தது வெள்ளோட்டம். பதினெட்டுப் பேர் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர நான்கு நிமிடம்தான் இருந்தது. படங்குகளை இழுத்து, நெல்லைத் தும்புத்தடியால் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னது நான். எங்கள் தொண்டர்களை ஏச வேண்டாம்.

உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டேன். "வாயாலை கதைச்சது காணும், என்ன வேணுமெண்டாலும் எழுத்திலை தாங்கோ" என்றீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். 21ஆம் திகதி காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை அந்த 410 மீற்றரில் ஒருவரும் நெல் போட வேண்டாம். பொலிஸ் அனுமதி எடுத்தாகிவிட்டது. அறிவித்தல் பலகைகளும் அச்சாகிவிட்டன.

ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

சி. கொலின்ஸ்
பாதைப் பொறுப்பாளர், போட்டிக் குழு


கொடிகாமம்
10.02.2026

கொலின்ஸ் அவர்களுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. அசௌகரியம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு மண் என்று பெயர். நீங்கள் போன பிறகு அப்பாவும் நானும் றோட்டோரத்தில் குந்தியிருந்து கையால் அள்ளினோம். நாலு சாக்கு நெல்லில் மண்ணும் பொடிக்கல்லும். சுளகில் எத்தனை தரம் புடைத்தாலும் அந்தக் கல் நெல்லோடுதான் நிற்கும். கோழி வளர்க்கிற ஒரு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அது முடிந்த கதை.

படங்கு இருபத்திமூன்று என்று எண்ணியிருந்தீர்கள். எண்ணிக்கை சரி. அவை பதினொரு வீட்டுக்காரருடையவை. படங்கை எண்ணினபோது ஆட்களையும் எண்ணியிருக்கலாம். எல்லாருக்குமாகச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நவம்பரில் வந்து பார்த்தேன், நெல் இல்லை என்கிறீர்கள். நவம்பரில் நெல் வயலில் பச்சையாக நிற்கும். றோட்டுக்கு வருவது தையிலும் மாசியிலும். அதுவும் எந்த றோட்டுக்கு வரும்? பள்ளமில்லாத றோட்டுக்கு. உங்கள் சைக்கிளுக்கு எது பிடித்ததோ அதுதான் எங்கள் நெல்லுக்கும் பிடிக்கும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நவம்பர் முடிவில் வந்த புயலில் எங்களுடைய தாழ்ந்த வயல் மூன்று ஏக்கரும் ஆறு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. திரும்ப உழுது எழுபத்தைந்து நாள் நெல் விதைத்தோம். அதை வெட்ட மெசின் 18ஆம் திகதி வருகிறது. வெட்டின நெல்லுக்கு மூன்று வெயில் வேண்டும். 19, 20, 21. மூன்றாம் வெயில் காணாத நெல்லைச் சாக்கில் கட்டினால் உள்ளுக்குள் சூடேறிக் கறுக்கும், முளைக்கும். கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரனின் வயிறு மாதிரிச் சுடும். வெள்ளத்துக்கு ஒரு தரம் கொடுத்தாயிற்று. சாக்குக்குள் இன்னொரு தரம் கொடுக்க மாட்டோம்.

21ஆம் திகதி அந்த றோட்டு எங்களுக்கு வேண்டும். இதுவும் எழுத்தில்தான்.

த. கஜானி


வட்டுக்கோட்டை
12.02.2026

கஜானி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு 12.30க்கு உங்கள் வீதியில் நின்றேன். நீங்கள் வயலில் நின்றிருப்பீர்கள். உங்களைப் பார்க்க வரவில்லை, அளக்க வந்தேன். தாரின் மேற்பரப்பு வெப்பம் 51 பாகை. பள்ளிக்கூட மைதான மணல் 38 பாகை. நீங்கள் தாரை விடமாட்டீர்கள் என்பது விளங்குகிறது. அதற்காகப் போட்டியை விட முடியாது. 140 பேர் பதிந்திருக்கிறார்கள். எட்டு மாதமாக விடிய எழும்பிப் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் தங்கை அபிகாயில் அதில் ஒருத்தி.

பாதி வீதியை விட்டுவிட்டு மற்றப் பாதியில் ஓடலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அவர் வாழ்க்கையில் சைக்கிளோட்டம் பார்த்ததில்லை. முப்பது பேர் ஒட்டிக்கொண்டு வரும்போது ஒருவன் நெல்லில் வழுக்கினால் பின்னால் வருகிற இருபது பேரும் விழுவார்கள்.

ஆகவே அந்த ஒரு நாளுக்கு மட்டும் உங்களுக்கு மூன்று மாற்று இடங்கள் உண்டு. பள்ளிக்கூட மைதானம், கோயில் முன்றல், நெல் ஆலையில் இருக்கும் உலர்த்தும் மெசின். வெப்பம் குறைந்த இடத்தில் நேரத்தைக் கூட்டலாம். ஏற்றி இறக்க எங்கள் லொறியை அனுப்புகிறேன். இதில் எது என்று ஒரு வரியில் எழுதினால் போதும். நாள் போகிறது.

நாலு சாக்கைப் பற்றி நீங்கள் எழுதியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது. முதற் கடிதத்தில் குழுவின் பெயரால் வருந்தியிருந்தேன். செய்யச் சொன்னவன் நான். நான் வருந்துகிறேன்.

சி. கொலின்ஸ்


கொடிகாமம்
14.02.2026

கொலின்ஸ் அவர்களுக்கு,

ஒரு வரி காணாது.

பள்ளிக்கூட மைதானத்தில் கரப்பந்து விளையாடுகிற பக்கம் இன்னும் சதசதவென்று கிடக்கிறது. நீங்கள் காய்ந்த மூலையில் நின்று அளந்திருக்கிறீர்கள். கோயில் முன்றல் குருமணல். அங்கே போட்டு அள்ளினால் திரும்பவும் கோழிக்குத்தான். நாளைக்குச் சிவராத்திரி, அதற்குப் பிறகு பந்தல் பிரிக்கவே ஒரு கிழமை எடுப்பார்கள். நெல் ஆலை மெசினுக்கு முன்னால் மீசாலை, வரணிக்காரரின் உழவு மெசின்கள் பெட்டி பெட்டியாக நெல்லோடு நிற்கின்றன. உங்கள் லொறியும் போய் அதன் வாலில் நிற்கலாம்.

நீங்கள் வந்ததை அப்பா கண்டவர். வீட்டுக்கு வந்து, "ஆரோ ஒரு பெடியன் றோட்டுக்குக் காய்ச்சல் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்றார். ஆர் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் பிறகு அப்பா சொன்னார், காய்ச்சல் பார்க்கவாவது ஒருவன் வந்தானே என்று.

இன்னொன்று. உங்கள் சுவரொட்டி சந்தையடியில் ஒட்டியிருக்கிறது. கோட்டை, வெளிச்சவீடு, தட்டைவடை, எள்ளுப்பாகு எல்லாம் படமாக இருக்கிறது. கடைசியில் ஒரு மண்சட்டி. 'கொடிகாமம்: குத்தரிசிக் கஞ்சி, வயலின் சுவை' என்று கீழே எழுதியிருக்கிறது. அந்தக் கஞ்சியைக் காய்ச்சப்போவது என் அம்மா குணலட்சுமி. உங்கள் குழுவிலிருந்து ஒரு அம்மா போன மாதம் வீட்டுக்கு வந்து கேட்டு, அம்மாவும் ஓம் என்றுவிட்டார். வெள்ளோட்டம் அன்று ஓரத்துக்குத் தள்ளுப்பட்ட நெல் யாருடையது என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சட்டியில் இருந்தால் வயலின் சுவை, றோட்டில் கிடந்தால் இடைஞ்சலா? அம்மா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். கஞ்சி இருக்கும். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஏன் எட்டு மணிக்குத் தொடங்குகிறீர்கள்? வெயிலுக்குள் ஓடி என்ன சுகம்? நாங்கள் ஒன்பதுக்கு முன்னால் படங்கு விரிக்கிறதே இல்லை. மாசிப்பனியில் தார் நனைந்து கிடக்கும், அது காய வேண்டும். விடிய வந்து போயிருந்தால் உங்களை நாங்கள் கண்டிருக்கவே மாட்டோம்.

த. கஜானி


வட்டுக்கோட்டை
16.02.2026, பி.ப. 2.30

கஜானி அவர்களுக்கு,

எட்டு மணிக்குத் தொடங்கினால் முதலாவது ஆள் 71ஆவது கிலோமீற்றருக்கு 9.58க்கு வருவான். கடைசி ஆள் 11.14க்கு. ஆறு மணிக்குத் தொடங்கினால் முதலாவது ஆள் 7.58, கடைசி ஆள் 9.14.

இது இரண்டு நிமிடக் கணக்கு. மூன்று தடவை அந்த வீதியில் ஓடினேன், அகலம் அளந்தேன், வெப்பம் அளந்தேன். 'எத்தனை மணிக்கு நெல் போடுவீர்கள்' என்று ஒரு ஆளிடம் கேட்கவில்லை. என் வேலையில் இதைவிடச் சின்னப் பிழைக்கு ஆட்களை நான் கடுமையாகப் பேசியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு ஒரே காரணம் பிரதம விருந்தினர். நேற்று ஆராதனை முடிந்ததும் ஹரோல்ட் மாமாவோடு கதைத்தேன். அவர் குழுத் தலைவர், அம்மாவின் தங்கையின் கணவர். விருந்தினர் ஆறு மணிக்கு எழும்பவே மாட்டார் என்றார். "அப்ப எழும்பினாப் பிறகு வந்து பரிசைக் குடுக்கட்டும்" என்றேன். நீ ஒரு ஆளோடும் ஒத்துப்போக மாட்டாய் என்று அம்மாவைக் கூப்பிட்டு முறைப்பாடு வைத்தார். ஒரு மணித்தியாலம் இழுபட்டது. பாதை வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் பொலிஸ் அனுமதி செல்லாது என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டி வந்தது. அழகான வேலையில்லை. ஆறு மணி முடிவாகிவிட்டது. விருந்தினரும் விடிய வருவதாக ஒத்துக்கொண்டாராம்.

ஆகவே எழுத்தில் தருகிறேன். 21ஆம் திகதி காலை 9.15 முதல் வீதி உங்களுடையது. அதன் பிறகு ஒரு சைக்கிள் சில்லும் உள்ளே வராது. அந்த முனையில் நானே நிற்பேன்.

பதினொரு வீட்டுக்காரரிடமும் இதைக் காட்டுங்கள்.

சி. கொலின்ஸ்


கொடிகாமம்
18.02.2026

கொலின்ஸ் அவர்களுக்கு,

வயல் வரம்பில் இருந்து எழுதுகிறேன். மெசின் வந்து ஒரு ஏக்கர் முடிந்துவிட்டது. நெல் நல்ல ஈரம். கையில் எடுத்தால் ஒட்டுகிறது.

கடிதத்தைப் பதினொரு வீட்டிலும் வாசித்தேன். எல்லாரும் சம்மதம். சிலர் சிரித்தார்கள், அதையும் மறைக்கவில்லை. அப்பா அதை வாங்கி மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார்.

வானொலியில் திங்கட்கிழமை மழை என்கிறான். ஒரு நாள் முந்தினாலும் முந்தும் என்று ஊரில் கதை. ஆகவே சனிக்கிழமை வெயில்தான் கணக்கு. உங்கள் ஆட்கள் ஒருவரும் நெல்லைத் தொடக்கூடாது. ஒன்பதேகால் என்பது நான் கேட்ட நேரம் இல்லை, நீங்கள் தந்த நேரம்.

அம்மா நூற்றைம்பது பேருக்கு அரிசி ஊறப்போடப் போகிறார். பச்சை மிளகாய் கடிக்கத் தெரியாதவர்கள் வருவார்களா என்று கேட்கிறார்.

த. கஜானி


கொடிகாமம்
22.02.2026, ஞாயிறு

கொலின்ஸ்,

வெளியில் மழை. விடியத் தொடங்கினது இன்னும் விடவில்லை. கஞ்சிக்கு வந்த உங்கள் குழுவின் கிடாரங்களை எடுக்க நாளைக்கு வாகனம் வருகிறதாம். அதில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று நீங்கள் சிவப்புக் கொடியோடு அந்த முனையில் நின்றீர்கள். நான் மற்ற முனையில் நின்றேன். இரண்டு முனையிலும் நடந்தது இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பாதிதான் தெரியும். அதற்காக எழுதுகிறேன்.

முதல் ஆட்கள் வந்தபோது 8.39. எட்டு மணிக்கு முன்னால் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் எல்லாரும் சாக்குகளை றோட்டோரம் அடுக்கிவைத்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வளவு லூர்த்தம்மா அக்கா, "உவையின்ரை ஒம்பதேகால் பத்தேகாலுக்குத்தான் முடியும், ரீயைக் குடிப்பம்" என்றார். நானும் மனதுக்குள் அதைத்தான் நினைத்தேன். ஒன்பது மணிக்கும் சைக்கிள்கள் வந்தபடி. பிறகு உங்கள் விசில் கேட்டது. மணியைப் பார்த்தேன். ஒன்பதேகால். றோட்டு வெறுமையாகிவிட்டது. சத்தியமாக ஒருவரும் அசையவில்லை. அப்பாதான் முதல் படங்கை உதறினார்.

உங்கள் முனையில் நடந்ததை அம்மா சொன்னார். கஞ்சிப் பந்தல் அங்கேதானே. 9.16க்கு வந்த பிள்ளை, "அண்ணை, ஒரு நிமிசம்தானே" என்றதாம். நீங்கள் "ஒம்பதேகால்" என்றீர்களாம். அபிகாயில் உங்கள் தங்கை என்று அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். பெண்களில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவளாம். முன்னால் போன இருவரும் 9.11க்கும் 9.13க்கும் தாண்டிவிட்டார்கள்.

அவள் வரம்பில் போய் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். அம்மா கஞ்சியை நீட்டவில்லை. அகப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தார். கடைசியில் அவள், "உவர் வீட்டிலையும் இப்பிடித்தான் அன்ரி, கேக் வெட்டுறதுக்கும் நேரம் குறிப்பார்" என்றாளாம். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவளும் சிரித்து, அழுது, மூன்று கோப்பை குடித்தாள். பச்சை மிளகாயும் கடித்தாள். தொடக்கம் ஏன் பிந்தியது என்பதை அவள்தான் சொன்னாள். விருந்தினர் 6.25க்கு வந்து, பேசி முடித்துக் கொடி அசைக்க 6.41 ஆம்.

இனி நீங்கள் காணாதது. எங்கள் படங்கு விரித்து முடிந்ததும் அப்பா அந்த நோகிற முழங்காலோடு உங்கள் முனை வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். உங்களைத் தாண்டித்தான் போனார். நீங்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். திரும்பி வந்து, அங்கே முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வீட்டுக்குப் போவது என்று கேட்டார். நான் சொன்னேன், அது அவர்கள் பாடு, எங்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறார்கள் என்று.

"எங்களுக்குத் தந்தது சரி பிள்ளை. உந்தப் பிள்ளையளுக்கு ஆர் என்னத்தைத் தந்தது?" என்றார்.

சொல்லிவிட்டு எங்கள் படங்கின் ஓரத்தை ஒரு முழம் மடித்தார். பிறகு அடுத்த வீட்டுக்காரர். லூர்த்தம்மா அக்கா முணுமுணுத்துக்கொண்டுதான் மடித்தார். ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் வந்தது. "இறங்கி உருட்டிக்கொண்டு வரட்டும். சப்பாத்தைக் கழட்டச் சொல்லு, நெல்லு நொருங்கும்" என்றார் அப்பா. நான்தான் ஓடிவந்து உங்களிடம் சொன்னது. நீங்கள் கொடியைத் தாழ்த்தினீர்கள். முப்பத்தொரு பேரும் சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஒருவர் பின்னால் ஒருவராக வந்தார்கள். ஒரு மணி நெல் சிந்தவில்லை. தார் சுட்டிருக்கும். ஒரு பொடியன் துள்ளித் துள்ளிப் போனான்.

நாலு மணிக்கு அப்பா ஒரு நெல்லைப் பல்லுக்குள் வைத்தார். கடக்கென்று உடைந்தது. ஐந்தரைக்குள் நாற்பத்தொரு சாக்கும் வீட்டுக்குள். நேற்று அந்த வெயில் இல்லாமல் இன்று இந்த மழை என்றால் எங்களிடம் இப்போது இருப்பது நாற்பத்தொரு சாக்கு முளை.

யாரோ பிந்தினால் அந்த நேரத்தை எங்களிடமிருந்துதான் வெட்டுவார்கள். பஸ் பிந்தினாலும் சரி, கந்தோர் அதிகாரி பிந்தினாலும் சரி. நேற்று நாற்பத்தொரு நிமிடத்தை நீங்கள் எங்களிடமிருந்து வெட்டவில்லை. அதை இந்த ஊர் மறக்காது. ஆனால் அதை அந்தப் பிள்ளைகளிடமிருந்து வெட்டினீர்கள். அவர்களும் பிந்தியவர்கள் இல்லை. இதை நான் நேற்றே கேட்டிருக்க வேண்டும், அப்பா கேட்டார்.

மழை விட்டு வயல் இறுகினால் வெள்ளிக்கிழமை மற்ற ஐந்து வீட்டுக்காரருக்கு மெசின். சனி முழுக்கத் திரும்பவும் அந்த றோட்டு. இங்கே வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கைகொடுப்போம். அண்ணை சுதாகரன் கட்டாரில். அப்பாவின் முழங்கால் நேற்றைய நடையில் வீங்கிவிட்டது. படங்குக்கு நாலு மூலை, எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர். எப்படியோ சமாளிப்போம்.

கஜானி


வட்டுக்கோட்டை
26.02.2026, வியாழன், காலை 7.50

கஜானி,

உங்கள் கடிதம் திங்கள் மாலையே கிடைத்தது. மூன்று நாள் பிந்திப் பதில் எழுதுகிறேன். நான் பிந்துவதில்லை என்பதால் காரணம் சொல்ல வேண்டும்.

கோட்டை வாசலில் கொடி அசைந்தபோது 6.41. எனக்கு அந்தக் கணத்திலேயே கணக்குத் தெரியும். முப்பது பேருக்கு அண்மையாக 71இல் அகப்படுவார்கள். ஒலிபெருக்கி என்னிலிருந்து பத்து அடி தூரத்தில் இருந்தது. '9.15க்குப் பிறகு வருகிறவர்கள் நிறுத்தப்படுவார்கள்' என்று சொல்லியிருந்தால் சிலர் வேகம் கூட்டியிருப்பார்கள், சிலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சொல்லவில்லை. விருந்தினர் பக்கத்தில் நின்றார், ஹரோல்ட் மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு இன்னொரு சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவை வாயை மூடினேன், அதுவும் பிழையான இடத்தில். உங்களுக்கு எழுத்தில் தந்ததை அவர்களுக்கு வாயாலும் தரவில்லை. உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கொடியோடு நின்றபோது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அது 9.15க்கே வேலை முடித்துவிட்டது. நிமிர்ந்தால் அபிகாயிலைப் பார்க்க வேண்டும், அதனால் குனிந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியில் வந்தால் நான்கு தாய்மார் எனக்காகக் காத்து நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த குடையால் என் நெஞ்சில் தட்டித் தட்டிக் கதைத்தார். திங்கட்கிழமை குழு கூடியது. முப்பத்தொரு பேருக்கும் ஒரு மதிப்பீட்டு நேரம் போட்டு, முழுப் போட்டியும் ஓடியதாகச் சான்றிதழ் கொடுப்போம் என்றார்கள். ஓடாத தூரத்துக்கு நேரம் எழுத மாட்டேன் என்றேன். பெறுபேற்றுத் தாளில் அவர்கள் 71 வரைக்கும் எடுத்த நேரத்தை எழுதினேன். கீழே 'நிறுத்தப்பட்ட காரணம்: தொடக்கம் 41 நிமிடம் தாமதம்' என்று எழுதினேன். அந்த வரியை வெட்டச் சொன்னார்கள், விருந்தினர் மனம் நோவாராம். வெட்டவில்லை. ஆகவே என்னைக் குழுவிலிருந்து வெட்டினார்கள். ஹரோல்ட் மாமா வீட்டு வாசலில் வந்து நின்று, "நீ சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை தம்பி" என்றுவிட்டு ரீ குடிக்காமல் போனார். அவர் பாடும் கஷ்டம்தான்.

அபிகாயிலிடம் சனிக்கிழமையே மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். செவ்வாய்க்கிழமை அவள் கேட்காமலே ஒலிபெருக்கி விசயத்தைச் சொன்னேன். அதற்குச் சரி என்று சொல்லவில்லை. சைக்கிள் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். நேற்று, "நான் அந்தக் கஞ்சி அன்ரியிட்டைத் திரும்பப் போகவேணும்" என்றாள். அதுவரைக்கும் வந்திருக்கிறோம்.

இனிச் செய்யப்போகிறவை:

1. இன்று பத்து மணிக்குப் பாதை வரைபடங்கள், கொடிகள், விசில், குழுவின் கைத்தொலைபேசி எல்லாவற்றையும் ஹரோல்ட் மாமாவிடம் ஒப்படைப்பேன். 71ஆவது கிலோமீற்றர் உள்ள தாளில் சிவப்பு மையால் ஒரு வரி இருக்கும்: 'தை, மாசி: காலை 9 மணிக்குப் பின் இது நெல் காயும் இடம்.' பின்னால் வருகிறவன் அதை வாசிக்காவிட்டால் அது அவன் பிழை.

2. முப்பத்தொரு பேரையும் வீட்டில் போய்ப் பார்ப்பேன். இதுவரை பத்தொன்பது பேர். பதினான்கு பேர் கதைத்தார்கள், நான்கு பேர் ஏசினார்கள், திருநெல்வேலியில் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். மிச்சம் பன்னிரண்டு.

3. அடுத்த போட்டி என்னுடையதல்ல. ஆனாலும் அந்த 96 கிலோமீற்றரையும் ஒவ்வொரு மாதமும் ஒரு தடவை ஓடி, ஒவ்வொரு வீதியும் எந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் என்று இறங்கிக் கேட்டு எழுதி வைப்பேன். கேட்கிறார்களோ இல்லையோ, கொடுப்பேன்.

4. சனிக்கிழமை காலை 8.30க்குக் கொடிகாமம் வருவேன். அபிகாயிலும் வருகிறாள். அத்தோடு நாலு மூலைக்கும் ஆள் சரி. நெல்லை எப்படிக் கிளறுவது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் தொடுவேன்.

5. வர வேண்டாம் என்றால் எழுதுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு நாளை வெள்ளி கிடைக்கும். நீங்கள் உடனே எழுதித் தபாலில் போட்டாலும் எனக்குத் திங்கட்கிழமைதான் வரும். சுவரொட்டியிலுள்ள இலக்கத்துக்கு எடுத்தால் ஹரோல்ட் மாமா பேசுவார். கணக்குப் பார்த்துத்தான் இன்று தபாலில் போடுகிறேன்.

கொலின்ஸ்